கறந்த பால் சூடு

ஒஸ்லோ, 4 ஜனவரி 1974

அன்புள்ள அக்கா பொர்கில்டுக்கு,

நானும் துரீத்தும் நலம். என் முதுகுவலி போன வருடத்திலிருந்து ஒரு குறையும் இல்லாமல் இந்த வருடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நீயும் இங்குனும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கையுறை வந்தது. முப்பது வருடமாக நீயே பின்னி அனுப்புவாய். இந்த முறை கடைச் சரக்கு, விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. உங்கள் வொஸ் பக்கத்து ஆடுகளெல்லாம் ரோமம் விடுவதை நிறுத்திவிட்டனவா என்று துரீத் கேட்கிறாள்.

எழுத வந்த விஷயம் வேறு. அக்டோபரில் ஊருக்கு வந்தபோது நம் வீட்டு ஈஸ்ட் என்று ஒரு ஜாடி கொடுத்தாயே, காய்ந்த சருகு மாதிரி, அது பிணம். கிறிஸ்துமஸ் பீருக்கு நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். முளைகட்டிய பார்லி மால்ட்டை ஊறவைத்து, வடித்து, காய்ச்சி, ஆறவைத்து, வாளியோடு பழைய குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன். தெர்மோஸ்டாட் நானே பொருத்தியது. சரியாகப் பன்னிரண்டு டிகிரி. ஜெர்மன்காரன் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. எட்டு நாள் ஆகியும் ஒரு குமிழ் வரவில்லை. கிடங்கிலிருந்து நான்கு பேரை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தேன். சர்க்கரைக் கஷாயத்தைத்தான் ஊற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருத்தன் குடித்துவிட்டு, "இருமலுக்கு நல்லா இருக்கும் ஹால்வார், புள்ளைங்களுக்குக் குடுக்கலாம்" என்றான்.

இருபத்தாறு வருடமாக மீன் கிடங்குகளைக் குளிராக வைத்திருப்பது என் பிழைப்பு. அரை டிகிரி தவறினால் ஊரே நாறும். என்னிடம் தப்பில்லை. சூட்டை விரல் விட்டுப் பார்க்கிறவர்களிடம் ஈஸ்ட் வாங்கியதுதான் தப்பு.

இங்குனுக்கு என் முத்தம்.

உன் தம்பி,
ஹால்வார்

---

வொஸ், 12 ஜனவரி

தம்பி ஹால்வாருக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். ஆடுகளும் சௌக்கியம், ரோமமும் விடுகின்றன என்று துரீத்திடம் சொல். பின்ன நேரமில்லை, அவ்வளவுதான். உன் முதுகுக்கு ஆட்டுக்கொழுப்பு தேய்க்கச் சொன்னேன், நீ தேய்த்திருக்க மாட்டாய்.

பன்னிரண்டு டிகிரியா? கடிதத்தை இரண்டு முறை படித்தேன், நான்தான் தவறாகப் படிக்கிறேனோ என்று. அந்த ஈஸ்ட் நம் அடுப்படியில் பிறந்தது. கறந்த பால் சூட்டில் இருக்கும்போது போட வேண்டும். தொட்டியைச் சுற்றிக் கம்பளி கட்ட வேண்டும். போடும்போது அடித்தொண்டையிலிருந்து ஒரு கத்துக் கத்த வேண்டும். மூன்றே மூன்று வேலை. நீ அதை மீன் மாதிரி குளிர்ப்பெட்டியில் படுக்க வைத்துவிட்டு, எழுந்து வேலை செய்யவில்லை என்று எனக்குப் புகார் எழுதுகிறாய். கத்தினாயா? கத்தியிருக்க மாட்டாய். மாடி வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு போட்டிருப்பாய்.

அது பிணமில்லை. விறைத்துப்போய்த் தூங்குகிறது. அடுப்புப் பக்கம் கொண்டுபோய் வை.

விரலைப் பற்றி நீ பேசாதே. நாற்பது வருடத்தில் இந்த விரல் ஒரு தொட்டியைக் கெடுத்ததில்லை. ஈஸ்டைக் கெடுக்கிறவன் யார் தெரியுமா, நம் கீழ்ப்பண்ணை ஸ்யூர். நவம்பரில் அவன் வீட்டு ஈஸ்ட் செத்துப்போய், கிண்ணத்தோடு என் முற்றத்தில் வந்து நின்றான். ரோமம் வெட்ட வந்த ஆட்கள் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க ஈஸ்ட் செத்துப்போச்சு பொர்கில்ட், கொஞ்சம் குடு" என்றான். "காதுல விழல" என்றேன். மறுபடி சொன்னான். "காத்து அடிக்குது, சத்தமா சொல்லு" என்றேன். மூன்றாவது தடவை கத்தியே சொன்னான். ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஈஸ்ட் கேட்டவனுக்கு யாரும் இல்லை என்று சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தேன்.

அந்த ஸ்யூரின் மகன் ஒத்மூண்டைத்தான் இங்குன் கட்டிக்கொள்ளப் போகிறாள். பையன் நல்லவன், அப்பனைப் போல் இல்லை. ஜூன் 22, சனிக்கிழமை. பெண் வீட்டுப் பீர் என்றால் நம் வீட்டுப் பீர். மூன்று பீப்பாய், நூற்றைம்பது பேர். பெண்ணுக்குத் தாய்மாமன் நீ, வந்து எப்படி வடிக்கிறது என்று பார்த்துக்கொள்.

அக்கா,
பொர்கில்ட்

---

ஒஸ்லோ, 3 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

இங்குனுக்கு வாழ்த்துகள். நாங்கள் நலம். ஆட்டுக்கொழுப்பு தேய்த்தேன், துரீத் இரண்டு நாள் பக்கத்து அறையில் படுத்தாள்.

நீ சொல்கிற கறந்த பால் சூடு நாற்பது டிகிரிக்கு ஒன்றிரண்டு குறையும். அந்தச் சூட்டில் பீர் பொங்குமோ என்னவோ, உலகத்தில் உள்ள அத்தனை கிருமியும் பொங்கும். அதைக் குடித்துவிட்டு நீங்கள் உயிரோடு இருப்பது மலைக்காற்றின் புண்ணியம். இங்கே ஒரு தொழிற்சாலையில் பெரிய மாஸ்டரிடம் சொன்னேன், தாடியில் காபி ஒழுகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் என்ன பதில் சொல்வது? என் அக்கா கத்துவாள் என்றா?

உன் ஜாடியைப் பற்றிய பேச்சை இதோடு முடித்துக்கொள்ளலாம். வாளியில் இருந்ததையும் ஜாடியில் மிச்சமிருந்ததையும் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்கு வரும்போது ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவருகிறேன். அதுவும் பிடிக்கவில்லை என்றால் சொல், தொழிற்சாலைப் பீர் நாற்பது பெட்டி ரயிலில் ஏற்றிவிடுகிறேன். நூற்றைம்பது பேருக்கு வயிற்றைக் கலக்கி அனுப்ப வேண்டாம்.

ஹால்வார்

---

வொஸ், 11 பிப்ரவரி

ஹால்வாருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

கொட்டிவிட்டாய். சரி. அம்மாவின் ஈஸ்ட், அவள் மாமியாரின் ஈஸ்ட். இந்த வீட்டில் அடுப்பு எரிய ஆரம்பித்ததிலிருந்து இருப்பது. ஒஸ்லோ சாக்கடையில் எலிகள் குடித்துவிட்டு ஆடட்டும்.

எனக்கு ஒன்றும் குறையவில்லை. என்னிடம் இரண்டு ஜாடி இருக்கிறது. ஈஸ்டர் கழிந்ததும் ஒரு சின்னத் தொட்டி போட்டு அதைப் பெருக்கிக்கொண்டு, ஜூனில் பெரிய தொட்டி போடுவேன். நீ கல்யாணத்துக்கு வரலாம், சாப்பிடலாம், கோட்டும் டையுமாக நிற்கலாம். பீர் வடிக்கிற கொட்டகைப் பக்கம் மட்டும் கால் வைக்காதே. தெர்மாமீட்டரை உன் மீனுக்கு வை.

பொர்கில்ட்

---

ஒஸ்லோ, 24 மார்ச்

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலமா? இங்கு பனி கரைந்து தெருவெல்லாம் சேறு.

போன கடிதத்தின் சூடு இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது. அதனால்தான் நானே எழுதுகிறேன். விசேஷம் ஒன்றுமில்லை. சும்மா ஒரு சந்தேகம். நீ தொட்டிக்குக் கட்டுகிற கம்பளி ஒன்றா, இரண்டா? எத்தனை மணி நேரம் கழித்துப் பிரிப்பாய்? முதல் நாள் சாயங்காலம் கமலா ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசனை வருமாமே, அது சரியான வாசனைதானா, அல்லது கெட்டுப்போனதன் அறிகுறியா? துரீத்துக்குச் சித்தப்பா முறை ஒருவர் இருக்கிறார், அவருக்கு இதிலெல்லாம் ஆர்வம், கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு இதில் அக்கறை கிடையாது என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.

பதில் போடு.

ஹால்வார்

---

ஒஸ்லோ, 4 மே

அன்புள்ள அக்கா,

ஆறு வாரமாகிறது, பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஈஸ்டருக்கு வாழ்த்து அட்டைகூட வரவில்லை. கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுது, அது உனக்குக் கைவந்த கலைதானே. கல்யாணத் துணி தைக்கக் கொடுத்தாகிவிட்டதா என்று துரீத் கேட்கிறாள்.

அந்தச் சித்தப்பா நன்றாக இருக்கிறார்.

ஹால்வார்

---

வொஸ், 13 மே

தம்பி ஹால்வாருக்கு,

இங்கு எல்லோரும் நலம். எனக்கு ஒன்றுமில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பேனா மோசம் என்று வைத்துக்கொள். ஆடுகள் எல்லாம் குட்டி போட்டாகிவிட்டது.

கம்பளி இரண்டு. முப்பத்தாறு மணி நேரம். தோல் வாசனை வந்தால் நல்லது. துரீத்தின் சித்தப்பாவுக்கு உன்னைவிடப் புத்தி இருக்கிறது.

எனக்கும் சும்மா ஒரு சந்தேகம். நிஜமாகவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாயா? நீ சின்ன வயதிலிருந்தே ஒரு பாத்திரத்தையும் ஒழுங்காகக் கழுவியதில்லை. ஜாடியின் அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அது அங்கே கிடந்து சீரழிவதற்குப் பதில் திருப்பி அனுப்பிவிடு. எனக்குத் தேவை என்பதற்காகக் கேட்கவில்லை. அதை வைத்திருக்க உனக்கு ஒரு தகுதியும் இல்லை, அதற்காகக் கேட்கிறேன்.

கொட்டியிருந்தால் கொட்டியதாக எழுது. உடனே எழுது.

பொர்கில்ட்

---

வொஸ், 14 மே

அன்புள்ள மாமாவுக்கு இங்குன் எழுதுவது.

நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். உங்களுக்கு அவள் எழுதியதை நான்தான் தபாலில் சேர்த்தேன். உறை ஒட்டாமல் இருந்தது, படித்துவிட்டேன். உள்ளே ஒரு உண்மைகூட இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் கைவிரல்களில் உணர்ச்சி இல்லை. சர்க்கரை நோய் என்று டாக்டர் சொல்கிறார். முதலில் கால் விரல், போன இலையுதிர் காலத்திலிருந்து கையும். பின்னல் ஊசி கையில் நிற்பதில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், அதை இப்போது உடைக்கிறேன்.

ஏப்ரலில் சின்னத் தொட்டி போட்டாள். விரலை விட்டுப் பார்த்து, "கறந்த பால், சரியா இருக்கு" என்று சொல்லி, ஒரு ஜாடியைக் கொட்டி, வழக்கம்போல் கத்தினாள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மால்ட்டைக் குறை சொன்னாள். மே முதல் வாரம் இன்னொரு தொட்டி. என்னைக் கொட்டகைக்குள் விடவில்லை. கத்தும் சத்தம் கேட்டதும் நான் உள்ளே போய்த் தொட்டியின் வெளிப்பக்கத்தில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துக்கொண்டேன், அவ்வளவு கொதி. அம்மாவின் விரல் நுனி இரண்டும் கொப்பளித்திருந்தன. அவளுக்கு அது தெரியவே இல்லை. நான் காட்டிய பிறகுதான் பார்த்தாள். இரண்டாவது ஜாடியும் அதோடு போய்விட்டது.

ஸ்யூர் மாமாவிடம் கேட்டால் கொடுப்பார். அவரிடம் இருப்பதே நம் ஈஸ்ட்தான். ஆனால் நவம்பரில் அம்மா அவரை என்ன செய்தாள் என்று உங்களுக்குத் தெரியும். "அவன் முற்றத்துல போய் நின்னு மூணு தடவை கத்தறதுக்குப் பதிலா கல்யாணத்துல ஆத்துத் தண்ணிய ஊத்துவேன்" என்கிறாள். ஊற்றவும் ஊற்றுவாள். பெண் வீட்டில் பீர் இல்லாத கல்யாணம் என்று காலத்துக்கும் பேசுவார்கள். எனக்கு அதுகூடப் பரவாயில்லை மாமா. அவள் ஒரு வாரமாகக் கையைப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடக்கிறாள், அதைத்தான் பார்க்க முடியவில்லை.

நீங்கள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நிஜம்தானா?

உங்கள்,
இங்குன்

---

ஒஸ்லோ, 18 மே

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். உன் பேனா மோசம்தான், வேறு வாங்கு.

இதோடு ரயில் பார்சலில் ஒரு பெட்டி வருகிறது. நீ கொடுத்தது ஒரு ஜாடி, வருவது மூன்று. எப்படி என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். துரீத்துக்குச் சித்தப்பாவே கிடையாது. நான் எதையும் கொட்டவும் இல்லை. பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துரீத் சர்ச்சுக்குப் போனதும், அந்த வாளியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொதிகலன் பக்கத்தில் வைத்தேன். உன் முகத்தில் கரியைப் பூசத்தான் வைத்தேன். சாயங்காலம் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை தரையில் ஓடியது. அதற்குப் பிறகு முப்பத்தொன்பது டிகிரியில் இரண்டு தடவை வடித்துவிட்டேன். இருமல் மருந்து என்று சொன்னவன் இப்போது வாராவாரம் வீட்டு வாசலில் நிற்கிறான். ஜாடியில் இருப்பது அந்த நுரையைக் காயவைத்தது. ஆகவே,

பன்னிரண்டு டிகிரி தப்பு.
பன்னிரண்டு டிகிரி தப்பு.
பன்னிரண்டு டிகிரி தப்பு.

மூன்று தடவை எழுதிவிட்டேன். உங்கள் முற்றத்து முறை அதுதானே. காற்று அடித்தால் இங்குனைச் சத்தமாகப் படிக்கச் சொல். நம் குடும்பத்தில் இந்த வருடத்துக்கு ஒருத்தர் மானம் போனது போதும்.

கடையில் வாங்கிய அந்தக் கையுறைக்குள் ஒரு தெர்மாமீட்டர் சுற்றி வைத்திருக்கிறேன். முப்பத்தொன்பதில் துரீத்தின் நகச்சாயத்தால் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். உனக்கு வேண்டாம் என்று எனக்குத் தெரியும். பார்சலில் இடம் மிச்சமிருந்தது, அதனால் போட்டேன். பன்றிக்குக் காய்ச்சல் வந்தால் பயன்படும்.

உடம்பைப் பார்த்துக்கொள். டாக்டர் சொன்னதைச் செய். எந்த டாக்டர், என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

உன் தம்பி,
ஹால்வார்

---

வொஸ், 9 ஜூன்

அன்புள்ள தம்பி ஹால்வாருக்கு,

உன் முதுகும் துரீத்தும் நலமா? இங்கு மழை. ஆடுகளை மலைக்கு ஏற்றிவிட்டோம்.

பார்சல் வந்தது. மூன்று ஜாடியும் உடையாமல் வந்தன. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், நம் வீட்டு ஈஸ்ட்தான். லேசாக மீன் வாடை அடிப்பதாகத் தோன்றியது, அது உன்னை நினைத்ததாலும் இருக்கலாம். உன் கடிதத்தை இங்குன் சத்தமாகப் படித்தாள். காற்று அடிக்கவில்லை, ஆனாலும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பெரிய தொட்டி போட்டோம். முதலில் விரலைத்தான் விட்டேன். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை ஹால்வார். சூடும் தெரியவில்லை, ஈரமும் தெரியவில்லை. யாரோ ஒருத்தியின் விரலைத் தொட்டிக்குள் பார்ப்பது போல் இருந்தது. அழுதுவிட்டேன். இங்குன் அந்தக் கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டாள். கொதியிலிருந்து இறங்கி இறங்கி உன் சிவப்புக் கோட்டில் வந்து நிற்க நாலு மணி நேரம் ஆயிற்று. நின்றதும் போட்டேன், கத்தினேன். கீழ்ப்பண்ணை நாய்கள் குரைத்தன. இப்போது கொட்டகை முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை.

ஒன்று சொல்கிறேன், தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே. உன் குச்சி காட்டுவது என் விரல் நாற்பது வருடமாகக் காட்டியதைத்தான். அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இத்தனை படிப்பும் பாதரசமும் தேவைப்பட்டிருக்கிறது. பன்றிகள் நலம், குச்சியை நானே வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை பீப்பாயில் ஊற்றி முடித்துவிட்டு ஒரு வேலை செய்தேன். எதற்கு என்று கேட்காதே. இனி எனக்கு யாரிடமும் ஈஸ்ட் வேண்டாம், மூன்று பீப்பாய் நிறைந்து நிற்கிறது. ஆனாலும் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழ்ப்பண்ணைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்த கூட்டம் முழுக்க ஸ்யூரின் முற்றத்தில் நின்றது. நடுவில் போய் நின்று, "எங்க ஈஸ்ட் செத்துப்போச்சு ஸ்யூர்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க ஈஸ்ட் செத்துப்போச்சு, நான்தான் வேக வச்சுக் கொன்னேன்" என்றேன். கையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

மூன்றாவது தடவை சொல்ல அவன் விடவில்லை. "காதுல விழுந்துடுச்சு பொர்கில்ட். உள்ள வா, காபி ஆறுது" என்றான்.

அவன் வீட்டுக் காபி வழக்கம்போல் கழுநீர்தான். இரண்டு கோப்பை குடித்தேன்.

22-ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. கொட்டகைக் கதவு திறந்துதான் இருக்கும்.

அக்கா,
பொர்கில்ட்